கயிற்றுக்கு அடியில்

கோல்ஃபில் பந்து மரத்துக்குள் போய்விட்டால் ஆட்டக்காரரின் நடை மாறிவிடும். அதுவரை பை சுமக்கிற கேடியோடு பேசிக்கொண்டே வந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு முன்னால் வேகமாக நடப்பார். பந்தைக் கண்டதும் நிமிர்ந்து, கிளைகளுக்கு நடுவே கொடி தெரிகிறதா என்று தேடுவார். பந்து கிடக்கும் தரையைக் குனிந்து பார்க்க மாட்டார். கை மட்டும் பின்னால் நீளும். “செவன் அயர்ன் குடுப்பா.”

அந்த நொடியில் ஏழாம் நம்பர் மட்டையை உருவிக் கொடுப்பதா, ஐந்தாம் நம்பரை உருவிக் கொடுப்பதா என்பதுதான் கேடி வேலையிலேயே கடினமான முடிவு. ஏறக்குறைய நாற்பது வருஷமாக இந்த வேலையோடு இருக்கிறேன். முதல் பாதி பை சுமந்தேன், பிறகு பயிற்சி கொடுக்கத் தொடங்கினேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எங்கள் மைதானம் நீலகிரியில், கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஃபேர்வேயின் ஒரு பக்கம் கற்பூர மரம், மறுபக்கம் சீகை, இடையிடையே மஞ்சள் பூ பூக்கிற முள் புதர். மூன்றுமே இந்த மலைக்குச் சொந்தமில்லை, வெள்ளைக்காரர்கள் காலத்தில் வெளியிலிருந்து வந்தவை. எங்கள் வீடும் அப்படி வந்ததுதான். 1964-இல் போட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்து, தேயிலைத் தோட்ட லயத்தில் குடியேறிய குடும்பம். அம்மா கொழுந்து பறித்தார். அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, மைதானத்தில் கேடி. பள்ளிக்கூடம் விட்டதும் அவரோடு போய் நிற்பேன். பதின்மூன்று வயதில் முதல் பை தூக்கினேன்.

மாமாவிடம் ஒரே ஒரு மட்டைதான் இருந்தது. யாரோ ஒரு உறுப்பினர் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன பழைய ஐந்தாம் நம்பர் அயர்ன். கைப்பிடித் தோல் தேய்ந்து, அதன்மேல் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றியிருந்தார். ஆட்டக்காரர்கள் வராத திங்கட்கிழமைகளில் கேடிகள் விளையாட அனுமதி உண்டு. பதினான்கு மட்டை வைத்துக்கொள்ளலாம் என்கிற விளையாட்டை நாங்கள் அந்த ஒன்றை வைத்துத்தான் ஆடினோம். தூர ஷாட்டுக்கும் அதுதான், மணலிலிருந்து எடுக்கவும் அதுதான், குழிக்குள் தட்டவும் அதுதான்.

எனக்கு அவர் முதலில் சொல்லிக்கொடுத்தது முழு ஷாட் இல்லை. இரண்டு சீகை மரத்துக்கு நடுவே துணி காயப்போடுகிற கயிற்றை என் இடுப்பு உயரத்தில் கட்டினார். கொஞ்சம் தள்ளி ஒரு பந்தை வைத்தார். “மாப்ள, பந்து கயித்துக்குக் கீழ போகணும். மேல போனா நீ போய் எடுத்துட்டு வா. கீழ போனா நான் போய் எடுத்துட்டு வரேன்.” முதல் இரண்டு வாரம் நான்தான் ஓடினேன்.

அந்த ஷாட்டை மாமா ‘குத்து’ என்பார். பங்ச் என்ற ஆங்கிலச் சொல்லை அவர் கேட்டிருப்பார். ஆனால் அவர் அடிப்பதைப் பார்த்தால் குத்துவது போலவே இருக்காது. கதவை அழுத்திச் சாத்துகிற மாதிரி இருக்கும். பலத்தைக் காட்டுவதாக எதுவுமே தெரியாது. பின்னால் போன மட்டை தோள் உயரத்துக்கு முன்பே திரும்பிவிடும். பந்தைத் தொட்ட பிறகு இடுப்புக்கு மேலே எழாமல் நின்றுவிடும். பந்து தாழ்வாகச் சீறிக்கொண்டு போய், புல்லில் இரண்டு முறை தத்தி, பிறகு நெடுந்தூரம் உருண்டு போகும். ஒரு சத்தம் கேட்கும் பாருங்கள், ஈரத் துணியைக் கல்லில் ஒரு முறை அறைந்தது போல. அது சரியாக விழுந்த ஷாட்டின் சத்தம். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் சொல்லிவிடலாம்.

எப்படி அடிப்பது என்பதை நான் இப்போது மாணவர்களுக்குச் சொல்கிற வரிசையிலேயே எழுதுகிறேன். வலக்கை ஆட்டக்காரருக்கான கணக்கு இது.

முதலில் மட்டை. கொடிக்கு இருக்கும் தூரத்தைப் பார்த்து மட்டை எடுக்கக் கூடாது. தலைக்கு மேலே இருக்கிற கிளையைப் பார்த்து எடுக்க வேண்டும். நான்கு, ஐந்து, ஆறாம் நம்பர்கள் இதற்கானவை. முகச் சாய்வு குறைவு, பந்து தாழ்வாகக் கிளம்பும். கைப்பிடியில் ஓரிரு விரல்கடை கீழே இறக்கிப் பிடியுங்கள். பந்தை இரண்டு காலுக்கும் நடுவிலிருந்து ஒரு பந்து அகலமோ, இரண்டு பந்து அகலமோ வலது கால் பக்கம் வையுங்கள். அதற்கு மேல் போக வேண்டாம். உடம்பின் கனத்தில் பாதிக்கு மேலே, பத்தில் ஆறு பங்கோ ஏழு பங்கோ, இடது காலில் இருக்கட்டும். ஷாட் முடியும்வரை அது அங்கேயே இருக்கட்டும். கைகள் பந்துக்கு முன்னால், இடது தொடைக்கு நேராக. பின்னால் முக்கால் பாகம்தான் எடுக்க வேண்டும். மணிக்கட்டை அதிகம் மடக்காமல் தோளும் நெஞ்சும் சேர்ந்து திரும்ப வேண்டும். பந்தைத் தொடும்போது கை முன்னால், மட்டைத் தலை பின்னால். தொட்ட பிறகு நெஞ்சு இலக்கைப் பார்க்கத் திரும்பட்டும், கைகள் மட்டும் தாழ்வாக நின்றுவிடட்டும்.

இதில் ஒன்றுகூட உடல் பலம் கேட்பதில்லை. அறுபது வயதுக்கு மேல் ஆன ஒரு அம்மாவுக்கு ஐந்து வருஷம் பை தூக்கினேன். டிரைவரில் 140 கெஜம் அடிப்பார், அதுதான் அவருடைய அதிகபட்சத் தூரம். மரத்துக்குள் போன பந்தை ஒரே ஷாட்டில் வெளியே எடுக்காமல் அவர் விட்டதை நான் பார்த்ததாக நினைவில்லை. அவரைவிட எண்பது கெஜம் கூடுதலாக அடிக்கிற ஆண்கள், அதே மரங்களுக்குள் இரண்டும் மூன்றுமாக இழந்துவிட்டு, கடைசியில் அவர் அட்டையைப் பார்த்து வியப்பார்கள்.

பலமாக அடித்தால் ஏன் கெடுகிறது என்பது எனக்குப் பல வருஷம் புரியாமலே இருந்தது. மாமாவுக்கு விடை தெரியும், காரணம் தெரியாது. “வேகமா அடிச்சா பந்து படி ஏறும்” என்பார். காற்றுக் காலத்தில் நானே பார்த்திருக்கிறேன். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று மலை விளிம்பில் ஏறி முகத்தில் அறைகிறபோது, எதிர்க்காற்றுக்கு எதிராக ஆட்டக்காரர் வெறியோடு அடிப்பார். பந்து முதலில் தாழ்வாகத்தான் கிளம்பும். அறுபது எழுபது கெஜம் போனதும், பட்டம் நூல் இழுத்தது போல மேலே எழும்பும், ஒரு கணம் நிற்கும், செத்து விழும்.

பயிற்சியாளர் படிப்புக்குப் போன பிறகுதான் காரணத்தைக் கற்றேன். அயர்னால் அடித்த பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டே போகிறது. அந்தப் பின்சுழற்சிதான் பந்தை மேலே தூக்குகிறது. வேகமாக அடித்தால் சுழற்சி கூடும், தூக்குவிசை கூடும். எதிர்க்காற்றில் பந்தை உரசிப் போகிற காற்றின் வேகமும் சேர்ந்துகொள்வதால் தூக்கு இன்னும் அதிகம். ஆக எதிர்க்காற்றில் பலமாக அடிக்கிறவர் காற்றுக்குத்தான் உதவி செய்கிறார். மெதுவாக அடித்தால் சுழற்சி குறையும், பந்து தாழ்ந்தே போகும். மாமா சொன்ன படி அதுதான்.

அதே படிப்பில் ஒரு தவறான பாடமும் எனக்குள் உடைந்தது. தாழ்ந்த ஷாட்டுக்குப் பந்தை வலது கால் விரலுக்கே கொண்டுபோய், மேலிருந்து செங்குத்தாக வெட்டு என்று பலர் சொல்லிக்கொடுப்பார்கள். நானும் சில வருஷம் அப்படிச் சொன்னேன். அது சரியில்லை. பந்தைத் தொடும் கணத்தில் மட்டை முகம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, மட்டை எவ்வளவு இறங்கி வருகிறது, இந்த இரண்டுக்கும் இடையிலான கோணம் பெரிதானால் சுழற்சி பெரிதாகும். செங்குத்தாக வெட்டுகிறவர் முகச் சாய்வைக் குறைத்தாலும் இறக்கத்தைக் கூட்டிவிடுகிறார். பந்து தாழ்வாகக் கிளம்பும், ஆனால் சுழற்சி குறையாது, காற்றில் எழும்பத்தான் செய்யும். மட்டை தரையில் புதைந்து, மணிக்கட்டு வலிப்பது தனி. நான் தவறாகச் சொல்லிக்கொடுத்த ஆட்டக்காரர்கள் சிலரைத் தேடிப் போய்த் திருத்தினேன். பந்தைக் கொஞ்சம் பின்னால் வை, மட்டையைத் தாழ்வாகத் தட்டையாக உள்ளே கொண்டுவா, வேகத்தைக் குறை. சின்னதாகப் புல் சீவினால் போதும், குழி தோண்டக் கூடாது.

கோணத்தைப் பற்றி ஒரு கணக்கு. அமெரிக்க டூரில் ஆடுகிற ஆண்கள் ஏழாம் நம்பரில் முழு ஷாட் அடித்தால் பந்து சராசரியாக 16 டிகிரியில் கிளம்புகிறது. ஐந்தாம் நம்பரில் சுமார் 12. அதே ஐந்தாம் நம்பரில் நன்றாகக் குத்தினால் எட்டு டிகிரிக்குக் கொண்டுவந்துவிடலாம். எட்டு டிகிரி என்றால் 10 மீட்டர் தள்ளிப் பந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கும், என் நெஞ்சுக்கு. 16 டிகிரி என்றால் அதே இடத்தில் 2.9 மீட்டர், நான் கையைத் தூக்கினாலும் எட்டாது. கற்பூர மரத்தின் அடிக்கிளைகளும் சீகையின் தழையும் தொங்குவது இந்த இரண்டு உயரங்களுக்கு நடுவில்தான். ஏழாம் நம்பர் கேட்கிறவருக்கு ஐந்தாம் நம்பரை நீட்டுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

இந்தக் கணக்கெல்லாம் இல்லாமலே மாமா அளப்பார். மட்டையின் முகம் வானத்தைப் பார்க்கும்படி தரையில் வைத்து, முகத்தை ஷூவால் மிதிப்பார். கைப்பிடி இலக்கு பக்கம் சாய்ந்து மேலே எழும். அந்தத் தண்டு காட்டுகிற வழியைப் பந்து போகும் வழியாகக் கொண்டு கிளையைப் பார்ப்பார். உலகம் முழுக்கக் கேடிகள் செய்கிற காரியம் இது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, கவனியுங்கள். தண்டு காட்டுவது மட்டையின் முழுச் சாய்வை. பந்து எப்போதும் அதைவிடத் தாழ்வாகத்தான் கிளம்பும். ஆகவே கிளைக்கு அடியில் போவதற்கு இந்த அளவு பாதுகாப்பானது. கிளைக்கு மேலே தாண்டுவதற்கு இதை நம்பினால் பந்து கிளையில்தான் போய் அடிக்கும். இதை மிதித்துப் பார்த்துவிட்டு மேலே அடிக்கத் துணிகிறவர்களை நான் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். பந்துக்குப் பக்கத்தில் இல்லாமல் தள்ளி மிதிக்கவும் வேண்டும். பந்துக்கு அருகில் மிதித்துப் புல்லை அமுக்கினால் விதி மீறல்.

மரத்துக்குள் விதிகளை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். கற்பூர மரம் பட்டை உரிக்கும், இலை உதிர்க்கும், வருஷம் முழுக்க. உதிர்ந்து கிடக்கிற பட்டையையும் இலையையும் எடுத்துப்போடலாம். ஆனால் எடுக்கும்போது பந்து அசைந்துவிட்டால் ஒரு ஷாட் அபராதம், பந்தைப் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். அதனால் பந்தில் சாய்ந்திருக்கிற பட்டையைத் தொடவே தொடாதீர்கள். மரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிற கிளையை ஒடிப்பதோ, வளைத்துக் கட்டுவதோ, ஒத்திகை வீச்சில் இலையைத் தட்டி உதிர்த்து இடம் பண்ணிக்கொள்வதோ, இரண்டு ஷாட் அபராதத்தில் முடியும். மாமா என் ஒத்திகை வீச்சை எப்போதும் பத்தடி தள்ளி வெளியே நின்று செய்யச் சொல்வார். யாரும் பார்க்காத திங்கட்கிழமைகளிலும்.

பந்தை ஆட முடியாது என்று அறிவித்துவிட்டு ஒரு ஷாட் அபராதத்தோடு வெளியே எடுக்கவும் விதி இடம் தருகிறது. பந்து கிடக்கும் இடத்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள் போடலாம், கொடியும் பந்தும் சேரும் கோட்டில் பின்னால் போய்ப் போடலாம், இல்லாவிட்டால் அடித்த இடத்துக்கே திரும்பலாம். அடர்ந்த மரத்துக்குள் இரண்டு மட்டை நீளம் பெரும்பாலும் இன்னொரு மரத்தடியில்தான் கொண்டுவிடும். அங்கேதான் குத்து ஷாட் தன் மதிப்பைக் காட்டுகிறது. பந்தைக் குறுக்காக, சில சமயம் பின்னோக்கிக்கூட, ஃபேர்வேக்குத் தள்ளிவிட்டால் செலவு அந்த ஒரு ஷாட்தான், அபராதத்தின் விலைதான். ஆனால் நீங்கள் விரும்பிய இடத்தில், வெட்டிய புல்லில் நிற்பீர்கள்.

இதை நான் என் கையாலேயே கற்றேன். 22 வயதில், கேடிகளுக்கென்று நடந்த ஒரு போட்டி. கடைசிக்கு முந்தின குழியில் இரண்டு ஷாட் முன்னிலையில் இருந்தேன். டீ ஷாட் வலப்பக்கம் கற்பூர மரங்களுக்குள் போனது. பந்து நன்றாகவே கிடந்தது. இடப்பக்கம் குறுக்காக அகலமான வழி. நேராக, இரண்டு மரத்துக்கு நடுவே, ஒரு கதவு அகலத்துக்கு ஒரு இடைவெளி, அதற்கு அப்பால் கிரீன். பையைத் தூக்கிக்கொண்டு நின்ற மாமா ஒன்றும் சொல்லாமல் ஐந்தாம் நம்பரை நீட்டி, முகத்தால் இடப்பக்கம் காட்டினார். நான் பையிலிருந்து ஏழாம் நம்பரை நானே உருவினேன். பந்து முதல் மரத்தில் பட்டு, எனக்குப் பின்னால் முள் புதருக்குள் போனது. அங்கிருந்து எடுக்க ஒரு அபராதம், மறுபடி ஒரு கிளை. அந்தக் குழியில் எட்டு எழுதினேன். ஒரே ஒரு ஷாட்டில் தோற்றேன்.

மாமா அன்று திட்டவில்லை. வீட்டுக்கு இறங்குகிற பாதையில் டீக்கடையில் உட்கார்ந்து, “அந்த இடைவெளி எவ்வளவு அகலம்?” என்று கேட்டார். ஒரு கதவு அகலம் என்றேன். “நம்ம ஆடுற இடத்துல நின்னு நிதானமா பத்துப் பந்து அடிச்சா, எத்தனை அந்தக் கதவுக்குள்ள போகும்?” யோசித்துவிட்டு நான்கு என்றேன். “இடப்பக்கம் அடிச்சா?” பத்தும் போகும். அதற்கு மேல் அவர் பேசவில்லை. அந்தக் கேள்வியை நான் இன்றுவரை ஒவ்வொரு மாணவரிடமும் கேட்கிறேன். பத்தில் எத்தனை என்று மனசறிந்து சொல்லச் சொல்வேன். பெரும்பாலானோர் மரத்துக்குள் நிற்கும்போது ஏழு என்பார்கள். அடுத்த நாள் அதே இடத்தில் பத்துப் பந்து கொட்டி அடிக்கச் சொன்னால் மூன்று போகும்.

இந்தியாவில் இந்த ஷாட்டின் மகிமையை அறிந்தவர்கள் மரத்தடியில் வளர்ந்தவர்கள்தான் என்பது என் எண்ணம். அலி ஷேர் டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர். அந்த மைதானத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஃபேர்வே குறுகல், இரண்டு பக்கமும் புதரும் முள்ளும். 1991-இல் அங்கே நடந்த இந்திய ஓப்பனை அவர் வென்றார். தொழில்முறை ஆட்டக்காரர்களில் அதை வென்ற முதல் இந்தியர் அவர். 1993-இல் மறுபடியும் வென்றார். அவர் வென்ற செய்தியை மாமா பேப்பரிலிருந்து கத்தரித்து கேடிகள் உட்காரும் கொட்டகைச் சுவரில் ஒட்டினார். ஒரு கேடி வென்ற செய்தி அது. அந்தக் காகிதம் மஞ்சளாகி, பொடிந்து, சுவரில் பசைத் தடம் மட்டும் மிஞ்சியது எனக்குத் தெரியும். பிறகு வந்த எஸ்.எஸ்.பி. சௌராசியா கொல்கத்தாவில் மைதானப் பராமரிப்பு வேலை பார்த்தவரின் மகன். தூரமாக அடிக்கிறவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. 2008-இல் அதே டெல்லி மைதானத்தில் இந்தியன் மாஸ்டர்ஸ் வென்றார்.

காற்றுக்குப் பிறந்த ஷாட் என்றால் அது ஸ்காட்லாந்து, இங்கிலாந்துக் கடற்கரை மைதானங்களில்தான் முழு அழகோடு தெரியும். அங்கே மரம் இல்லை, காற்றுதான் கிளை. டெக்சாஸ் காற்றில் ஆட்டம் பழகிய லீ ட்ரெவினோ தன் தாழ்ந்த பந்தோடு அங்கே போய் 1971, 1972 என்று அடுத்தடுத்து பிரிட்டிஷ் ஓப்பன் வென்றார். அப்போது அங்கே 1.62 அங்குல விட்டமுள்ள சின்னப் பந்துக்கும் அனுமதி இருந்தது. அமெரிக்கப் பந்து 1.68 அங்குலம். சின்னப் பந்து எதிர்க்காற்றைத் துளைத்துக்கொண்டு போகும். 1974-லிருந்து அந்தப் போட்டியில் பெரிய பந்துதான் என்று ஆக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து காற்றைத் துளைக்கிற வேலை முழுக்கக் கையின் வேலையாகிவிட்டது.

2006-இல் ஹாய்லேக்கில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனில் டைகர் வுட்ஸ் ஆடியதைக் கேடிகள் எல்லோரும் சேர்ந்து தொலைக்காட்சியில் பார்த்தோம். வெயிலில் காய்ந்து பழுப்பேறிய தரை. நான்கு நாளில் டிரைவரை ஒரே ஒரு முறைதான் எடுத்தார். டீயிலிருந்தே நீள அயர்னால் தாழ்வாக அடித்து உருளவிட்டார். பார் கணக்குக்கு 18 ஷாட் குறைவாக முடித்து வென்றார். ‘ஸ்டிங்கர்’ என்று அதற்குப் பெயர். குத்து ஷாட்டின் அண்ணன். வேகம் முழு வேகம், முடிப்பு மட்டும் தாழ்வு. அதைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் சின்னப் பையன்கள் எல்லோரும் இரண்டாம் நம்பர் கேட்டு வந்து நின்றார்கள். அவர்களுக்கும் நான் கயிறுதான் கட்டினேன். உலகத்தில் மிகச் சிலருக்கு மட்டும் வாய்த்த வேகம் அது. மற்றவர்களுக்கு மாமாவின் கதவு சாத்துதல்தான் பொருந்தும்.

எங்கள் மலையில் இந்த ஷாட்டுக்குச் சில தனிக் கணக்குகள் உண்டு. இங்கே காற்று மெலிது. சமவெளியில் அடிப்பதைவிட முழு ஷாட் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போகும். ஆனால் தாழ்ந்த ஷாட்டின் தூரத்தை முடிவு செய்வது தரைதான். டிசம்பர், ஜனவரிக் காலையில் உறைபனி விழுந்து தரை இறுகியிருக்கும்போது, ஐந்தாம் நம்பரில் ஒரு குத்து நூறு கெஜம் பறந்து இன்னும் ஐம்பது கெஜம் உருளும். ஜூலை மழையில் அதே குத்து பறந்த இடத்திலேயே ‘சொத்’தென்று உட்கார்ந்துவிடும். புல்லையும் பார்க்க வேண்டும். நீலகிரியில் பரவியிருக்கிற கிக்குயு புல் பாய் நெய்தது போல அடர்த்தி. அதற்குள் மட்டை போனால் கழுத்தைப் பிடித்துத் திருப்பிவிடும், பந்து இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். கிக்குயுவில் கிடக்கும் பந்துக்கு நான் நான்காம் நம்பர் தர மாட்டேன், ஆறுதான். இடது கை கடைசி மூன்று விரலை இறுக்கிப் பிடிக்கச் சொல்வேன். சரிவும் உண்டு. கீழ்நோக்கிய சரிவில் பந்து தானாகவே தாழ்வாகப் போகும். மேல்நோக்கிய சரிவில் நிலமே மட்டைக்குச் சாய்வு சேர்த்துவிடும், அங்கே இன்னும் ஒரு நம்பர் குறைத்து எடுக்க வேண்டும்.

எனக்கு இப்போது ஒரு கவலை உண்டு. இன்றைக்கு வருகிறவர்களின் பையைத் திறந்தால் நான்காம் நம்பரும் ஐந்தாம் நம்பரும் இருப்பதில்லை. அந்த இடத்தில் தடித்த தலையுள்ள ஹைப்ரிட் மட்டைகள். அவை பந்தைச் சுலபமாக உயரத் தூக்குவதற்கென்றே செய்யப்பட்டவை. புதிதாக ஆடுகிறவர்களுக்கு நல்ல துணை. அயர்ன்களும் அப்படியே: அடிப்பாகம் அகலம், கனம் தாழ்வில், பந்து உயரப் போகும். சாய்வும் மாறிவிட்டது, இன்றைய ஏழாம் நம்பர் பழைய ஆறோ ஐந்தோ மாதிரி. எல்லாம் உயரத்துக்காகவும் தூரத்துக்காகவும் செய்தவை. மரத்துக்குள் நின்று தாழ்வாக ஒரு பந்து வேண்டும் என்றால், பையில் அதற்கான மட்டையே இல்லை. ஒரே ஒரு பழைய பாணி ஐந்தாம் நம்பர் அயர்னாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். பழைய சாமான் கடையிலும் கிடைக்கும்.

பயிற்சித் திடலிலும் இதே குறைதான். மணிக்கணக்காக டிரைவர் அடிப்பார்கள். மரத்தடி ஷாட்டை ஆட்டத்தின் நடுவே, மரத்தடியில்தான் முதல்முதலாக அடித்துப் பார்க்கிறார்கள். ஒரு கூடை பந்தில் கடைசி இருபதை இதற்கென்று ஒதுக்குங்கள். முதல் பத்து, அரை வேகத்தில், ஐம்பது கெஜம். அடுத்த பத்து, முக்கால் வீச்சில். இரண்டு குச்சி நட்டு இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்ட முடிந்தால் வேறு ஆசிரியர் வேண்டாம்.

மாமா ஆறு வருஷத்துக்கு முன்பு தவறிவிட்டார். அந்த ஐந்தாம் நம்பர் என்னிடம் இருக்கிறது. சைக்கிள் டியூபை எடுத்துவிட்டுப் புதுக் கைப்பிடி போட்டிருக்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு முதல் பாடம் அதில்தான். போன மாதம் தோட்டத்திலிருந்து வருகிற ஒரு பத்து வயதுப் பெண் பிள்ளை மூன்றாம் நாளிலேயே கயிற்றுக்கு அடியில் அடித்துவிட்டாள். அந்தப் பந்தை நான் போய் எடுத்துவந்தேன்.

ஆடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் பந்து மரத்துக்குள் போனால், கையை நீட்டி நம்பர் சொல்வதற்கு முன்னால் உங்கள் கேடி எந்த மட்டையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார் என்று பாருங்கள். அவர் அந்த மரங்களுக்கு அடியில் உங்களைவிட ஆயிரம் பந்து கூடுதலாகப் பார்த்தவர். அவர் நீட்டுவதை வாங்கிக்கொள்ளுங்கள்.